கரண்ட் போனதும் லேப்டாப் தவழ்கிறதா? சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் ஒரு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கடைத்தெருவில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் மூன்றும் சேர்ந்த சின்னக் கடை வைத்திருக்கிறேன், பன்னிரண்டு வருடமாக. காலையில் பேப்பர் வந்ததும் உள்பக்கத்து மூலையில் வரும் மின் நிறுத்த அறிவிப்பைத்தான் முதலில் தேடுவேன். எந்தத் துணை மின் நிலையத்தில் பராமரிப்பு, எந்தெந்த ஊருக்குக் கரண்ட் இருக்காது என்று பார்த்துத்தான் யாரை இன்றைக்கு வரச் சொல்வது, யாரை நாளைக்கு வரச் சொல்வது என்று முடிவு செய்வேன். அந்த அறிவிப்போடு சேர்த்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதமும் 2,500 ரூபாயும் ஆனது, மற்றவர்களுக்கு ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான், வெட்டாமல் போட முடியுமா என்று பாருங்கள்.

போன வருடம் நவம்பரில் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு பதிகிற கடைசி வாரம். இரண்டு நாளாக மழை விடவில்லை. காலை பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது, எங்கேயோ கம்பியில் மரம் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். கடையில் பதினோரு பேர். சிட்டா, விஏஓ கொடுத்த அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். லேப்டாப்பில் 70 சதவீதம் சார்ஜ் இருந்தது, போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன், சரி, ஓட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மெஷின் நகரவே இல்லை. ஒரு பக்கம் திறக்க நான்கு நிமிடம். சர்வே எண்ணை அடித்தால் அது திரையில் வந்து சேர இரண்டு மூன்று விநாடி. போனில் படம் எடுத்த அடங்கலை ஏற்றுவதற்குள் பக்கம் தானாக வெளியேறிவிடும், மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். வந்த ஓடிபியை அடிப்பதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. சார்ஜரைச் செருகினேன். அதே லேப்டாப், அதே ஹாட்ஸ்பாட், ஒரு மணி நேரத்தில் ஏழு பேருக்குப் பதிந்து கொடுத்துவிட்டேன். மற்ற நாலு பேர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தவர். "நாளைக்குக் கரண்ட் இருக்குமாம்மா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரமே பக்கத்து டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். "வைரஸ் புகுந்திருக்குக்கா, க்ளீன் பண்ணி ஆன்டிவைரஸ் போட்டுத் தர்றேன்" என்றார் அங்கிருந்த தம்பி. 800 ரூபாய். வாங்கும்போது அவர் மேசையிலேயே ஓட்டிக் காட்டினார், நன்றாகத்தான் ஓடியது. கடைக்கு வந்து அடுத்த மின் நிறுத்தத்தில் பார்த்தால் பழையபடிதான். வேறொரு கடைக்குப் போனேன். ரேம், அதாவது வேலை நடக்கும்போது மெஷின் பயன்படுத்துகிற நினைவகம், போதவில்லை என்று சொல்லி இருந்த 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்தார்கள், 1,700 ரூபாய். அங்கேயும் மேசையில் ஓட்டிக் காட்டினார்கள், அங்கேயும் ஓடியது. மூன்றாவது ஒருவர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியைப் போடச் சொன்னார், நல்லவேளையாக அதற்குள் பொங்கல் வந்துவிட்டது.

பொங்கலுக்கு அண்ணன் மகள் வந்திருந்தாள், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அத்தை, சார்ஜர் போட்டிருக்கும்போது நல்லா ஓடுதுல்ல? அப்ப வைரஸும் இல்ல, ரேமும் இல்ல. வைரஸுக்கு வீட்ல கரண்ட் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

சர்வீஸ் கடை மேசையில் சார்ஜர் எப்போதும் செருகியே இருக்கிறது. மெஷினைக் கையில் வாங்கியதும் அவர்கள் செய்கிற முதல் வேலை அதுதான். பேட்டரியில் மட்டும் வருகிற கோளாறு அந்த மேசையில் எப்படித் தெரியும்? இரண்டு கடைக்காரர்களும் என்னை ஏமாற்றியதாக நான் சொல்லவில்லை, அவர்கள் கண் முன்னால் அது ஓடியது. ஆனால் "கரண்ட் இல்லாதபோதுதான் மெதுவாகிறது" என்று நான் சொன்னதை அவர்கள் காதில் வாங்கவில்லை. நானும் அழுத்திச் சொல்லவில்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, காசு செலவில்லாதது. கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் என்ற இடத்தில் சிபியு என்று இருக்கும், பிராசசர் என்று சொல்கிற மெஷினின் மூளை அதுதான், அதைத் தொட்டால் ஸ்பீடு என்று ஒரு எண் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். பிரவுசரில் நாலைந்து பக்கத்தைத் திறந்து வேலை கொடுத்துக்கொண்டே சார்ஜரைப் பிடுங்குங்கள். என்னுடையதில் சார்ஜரோடு 2.4க்கும் 3.2க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்த எண், வயரைப் பிடுங்கிய மறு விநாடி 1க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. திரும்பச் செருகினால் ஏறியது. என் இரண்டு மாத அலைச்சலுக்கு விடை அந்த ஒரு எண்ணில் இருந்தது. சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெஷின் ஒரே மாதிரி மெதுவாக இருந்தால் அது வேறு நோய். அப்போது ஹார்டு டிஸ்க், ரேம், ஃபேனில் அடைத்த தூசி என்று பார்ப்பதில் அர்த்தம் உண்டு, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் நிஜமாகவே வேகம் கூடும். வயரைப் பிடுங்கினால் மட்டும் மெதுவாகிற மெஷினுக்கு இந்த மருந்து எதுவும் வேலை செய்யாது.

பேட்டரியில் மட்டும் வேகம் குறைவதற்கு இரண்டு பெரிய காரணம் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வாய்க்காலைச் சொன்னால் போதும். ஜூன் 12ல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் இரண்டு இடத்தில்தான் போய்ப் பார்ப்போம். ஒன்று, நடுவில் யாராவது மதகை இறக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்கால் தூர்ந்து போயிருக்க வேண்டும். லேப்டாப்பிலும் அதேதான். என்னுடையதில் இரண்டுமே இருந்தது, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுத முடிகிறது.

மதகு என்பது மெஷினுக்குள் இருக்கும் செட்டிங். சார்ஜரைப் பிடுங்கியதும் சார்ஜ் அதிக நேரம் நிற்க வேண்டும் என்பதற்காக விண்டோஸ் தானாகவே சில விஷயங்களை அடக்கிவிடும், அது கெட்டது இல்லை. பேட்டரி சேவர் (புது விண்டோஸ் 11ல் எனர்ஜி சேவர்) என்று ஒன்று இருக்கிறது, சார்ஜ் ஓர் அளவுக்குக் கீழே போனதும் தானே வேலை தொடங்கும், கீழே மூலையில் பேட்டரி படத்தின் மேல் ஒரு சின்ன இலை தெரியும். சில மெஷின்களில் யாரோ தெரியாமல் கையை வைத்து எப்போதும் ஆனில் இருக்கும்படி விட்டிருப்பார்கள். அப்புறம் பவர் மோடு, வேகம் முக்கியமா, சார்ஜ் நிற்பது முக்கியமா என்று நாம் சொல்கிற இடம். விண்டோஸ் 10ல் அந்தப் பேட்டரி படத்தைத் தொட்டாலே இடமும் வலமும் நகர்த்துகிற கோடு ஒன்று வரும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் அண்ட் பேட்டரி என்று போனால் பவர் மோடு இருக்கும். விண்டோஸ் 10ல் சார்ஜரோடு இருக்கும்போது இந்தக் கோட்டை எங்கே வைத்தோம், பேட்டரியில் இருக்கும்போது எங்கே வைத்தோம் என்று மெஷின் தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதனால் சார்ஜரைச் செருகிக்கொண்டு மாற்றிவிட்டு "மாத்திட்டேனே, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வதில் பயன் இல்லை. வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

என் மெஷினில் இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அண்ணன் மகள் விடவில்லை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதற்குள் பிராசசர் பவர் மேனேஜ்மென்ட், அதற்குள் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட் என்று கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கிப் போனாள். பிராசசர் எவ்வளவு வேகம் வரை போகலாம் என்று வரம்பு வைக்கிற இடம் அது. அங்கே இரண்டு வரி இருந்தது. சார்ஜரில் இருக்கும்போது 100 சதவீதம். பேட்டரியில் 45 சதவீதம். இதை யார் மாற்றியது என்று அவள் கேட்டபோதுதான் எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்னால் சார்ஜ் ஒன்றரை மணி நேரம்கூட நிற்கவில்லை என்று ஒரு கடையில் சொன்னேன். ஐந்து நிமிடம் ஏதோ தட்டிவிட்டு, "இனிமே நிக்கும்க்கா" என்று கொடுத்தார், காசுகூட வாங்கவில்லை. நிஜமாகவே கொஞ்சம் கூடுதலாக நின்றது. அப்போதெல்லாம் கரண்ட் இல்லாத நேரத்தில் டைப்பிங் மட்டும்தான் செய்வேன், அதற்கு அந்த வேகம் போதும் என்பதால் எதுவும் தெரியவில்லை. அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் என்ன செய்தார் என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அல்லது பில்லில் எழுதியிருந்தால், அந்தப் பெரியவர் மறுநாளும் மழையில் வந்திருக்க வேண்டாம். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் மெஷினில் கை வைக்கிற எல்லாரிடமும், என்னையும் சேர்த்துத்தான், கேட்டுக்கொள்கிறேன்: எதை மாற்றினோமோ அதை எழுதிக் கொடுங்கள்.

சில புது மெஷின்களில் அந்த வரி கண்ணுக்கே தெரியாது, பவர் மோடு மட்டும்தான் இருக்கும். லேப்டாப் கம்பெனி தன் பங்குக்கு ஒரு ஆப் போட்டு அதில் சைலன்ட், பேலன்ஸ்டு என்று தனியாக ஒரு மதகு வைத்திருக்கும். அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அதே அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் வயர்லெஸ் அடாப்டர் என்று இன்னொரு வரி இருக்கிறது. பேட்டரியில் இருக்கும்போது வைஃபையும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும்படி பல மெஷின்களில் வைத்திருப்பார்கள். நாம் டவர் கிடைக்கவில்லை, மழையில் சிக்னல் போச்சு என்று போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்போம். எனக்கு அதை மேக்ஸிமம் பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றியபின் ஹாட்ஸ்பாட் விட்டு விட்டு வருவது நின்றது. கைரேகைக் கருவியை யுஎஸ்பியில் செருகி வேலை செய்கிறவர்கள் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்ற வரியையும் பார்க்கலாம், பேட்டரியில் இருக்கும்போது கருவி திடீர் திடீரென்று தூங்கிப் போவதற்கு அது ஒரு காரணம்.

சரி, 45ஐ 100 ஆக்கினோம். வேகம் வந்துவிட்டது, எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் 38 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த மெஷின், நான்கைந்து பக்கம் திறந்ததும் திணறி, அப்படியே அணைந்துவிட்டது. அங்கேதான் இரண்டாவது காரணம், தூர்ந்துபோன வாய்க்கால்.

லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. பழசாக ஆக இரண்டு விஷயம் நடக்கும். அது பிடித்து வைக்கிற மின்சாரத்தின் அளவு குறையும், இது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அதன் உள்ளுக்குள்ளேயே மின்தடை கூடிக்கொண்டே போகும் என்பது. பிராசசர் திடீரென்று நிறைய கரண்ட் கேட்டால் பழைய பேட்டரியால் அந்த வேகத்துக்குக் கொடுக்க முடியாது, வோல்டேஜ் சடாரென்று இறங்கும். சாயங்காலம் லோ வோல்டேஜில் மோட்டார் போட்டால் தண்ணீர் எடுக்காமல் உறுமுமே, அந்த நிலைமை. மெஷின் அணைந்து போகாமல் காப்பாற்ற பல லேப்டாப்புகளில் பிராசசரின் வேகத்தை உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடே இறக்கிவிடும். டாஸ்க் மேனேஜரில் அந்த எண் 0.4, 0.8 என்று ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு வேலை கொடுத்தாலும் ஏறாமல் நின்றால், எந்த செட்டிங்கையும் மாற்றிப் பயனில்லை, பேட்டரியையும் சார்ஜரையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

திரையில் 100 சதவீதம் என்று காட்டுகிறதே என்று கேட்பார்கள். மரக்கால் சுருங்கிவிட்டால் தலைதட்ட அளந்தாலும் நெல் குறைவுதானே? உண்மையான அளவைப் பார்க்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று அடித்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒட்டி சி, எஃப், ஜி மூன்று எழுத்தும், ஒரு இடைவெளி விட்டு, தேதி எழுதும்போது போடுகிற சாய்கோடும், அதை ஒட்டிப் பேட்டரி ரிப்போர்ட் என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகவும் அடித்து என்டர் தட்டினால், ஒரு அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று சொல்லும். அதை பிரவுசரில் திறந்தால் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். முன்னது புதிதில் இருந்த அளவு, பின்னது இப்போது நிரம்புகிற அளவு. என்னுடையதில் முன்னது 41,040, பின்னது 15,900. பத்தில் நான்கு பங்குகூட இல்லை. எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கியது என்ற கணக்கும் பல மெஷின்களில் அதிலேயே வரும். இந்த ஒரு பக்கத்தை அந்த இரண்டு கடையில் யாராவது எடுத்துப் பார்த்திருந்தால் நான் ரேம் வாங்கியிருக்க மாட்டேன்.

பேட்டரி மாற்றினேன். கம்பெனிப் பேட்டரி விலை அதிகம் என்றாலும் அதையே போட்டேன், இங்கே கரண்ட் இல்லாத நேரத்தில்தான் அது எனக்குச் சோறு போடுகிறது. மலிவானதை வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் காசு கொடுக்கும் முன் கடையிலேயே அந்த அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கிற அளவும் அறிக்கையில் வருகிற அளவும் ஒத்துப்போக வேண்டும், சார்ஜ் ஏறி இறங்கிய எண்ணிக்கை ஒன்றிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்புறம் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்.

பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது என்பதற்கும் காரணம் இருக்கிறது, அதில் என் தவறும் உண்டு. என் கடைக்கு மேலே தகரக் கூரை. கத்தரி வெயிலில் மதியம் உள்ளே உட்கார முடியாது. அந்தச் சூட்டில் மெஷினை நாள் முழுக்க சார்ஜரில் போட்டு 100 சதவீதத்திலேயே வைத்திருந்தேன், கரண்ட் எப்போது போகுமோ என்ற பயத்தில். லித்தியம் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, முழுதாக நிரம்பிய நிலையிலேயே கிடப்பதும் ஆகாது, இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். பல கம்பெனி மெஷின்களில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைக்க வசதி இருக்கிறது. மற்ற நாளில் அப்படி வைத்துவிட்டு, பேப்பரில் மின் நிறுத்தம் போட்டிருக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் 100க்கு ஏற்றிக்கொள்கிறேன். மழை பிடித்த வாரத்தில் எல்லா நாளும் 100தான், அதில் சமரசம் கிடையாது.

இன்னும் சில விஷயம், சுருக்கமாக. ஃபிளெக்ஸ் டிசைன், கல்யாண ஆல்பம் செய்கிறவர்கள் வைத்திருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பெரிய லேப்டாப்புகள் பேட்டரியில் முழு வேகத்தில் ஓடாது, அதன் சார்ஜர் 150, 200 வாட் என்று கொடுப்பதைப் பேட்டரியால் அதே வேகத்தில் கொடுக்க முடியாது. அது கோளாறு இல்லை, அதைச் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இதற்கு நேர்மாறாக, சார்ஜரில் போட்டால் மெதுவாகிறது என்றால் சார்ஜரின் வாட்டைப் பாருங்கள். 65 வாட் கேட்கிற மெஷினுக்கு 45 வாட் சார்ஜரைச் செருகினாலும் திணறும், சில கம்பெனி மெஷின்கள் தன்னுடைய சார்ஜர் இல்லை என்று தெரிந்தாலே வேகத்தைக் குறைத்துவிடும். டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, மேசையில் வைத்தால் அடிப்பக்கம் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும். அழுத்திப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது கூடவே கூடாது, தீப்பிடிக்கும். எங்கள் தெருவில் ஒரு பையன் உப்பின பேட்டரியைக் கழற்றிக் குப்பை எரிக்கிற இடத்தில் போடப் போனான், ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பதைத் தயாரிக்கிற கம்பெனியின் பொறுப்பாக்கி 2022ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. புதிது வாங்குகிற கடையில் பழையதைக் கொடுத்துவிடுங்கள்.

இதில் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று. மெஷினுக்குத் தெரிகிறது, தன் பேட்டரி கெட்டுவிட்டது, அதனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன் என்று. அதை ஏன் திரையில் ஒரு வரியில் சொல்லக் கூடாது? போன் விஷயத்தில் இது நடந்தது. பழைய பேட்டரி உள்ள சில ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்தோம் என்று 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராக இறக்கியது, 2018ல் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் பக்கத்தையும் போனிலேயே சேர்த்தது. லேப்டாப்பில் அதே தகவலை நான் கறுப்புத் திரையில் மந்திரம் மாதிரி ஒரு வரி அடித்து எடுக்க வேண்டியிருக்கிறது. இதைக் கேட்பது அதிகப்படியா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

இது கடைக்காரர்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. 2011ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கொடுத்த மெஷின்கள் எங்கள் பக்கம் இன்னும் பல வீடுகளில் பரண் மேல் இருக்கின்றன. அதில் ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தபோது, மெதுவாகிவிட்டது என்று ஒதுக்கியதில் பாதிக் காரணம் பேட்டரிதான் என்று தெரிந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுப்பதாக அரசு அறிவித்தது. கொடுக்கிற அன்றைக்கே கல்லூரியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இந்த எண்ணை எப்படிப் பார்ப்பது, பேட்டரி அறிக்கையை எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் ஊருக்கே சொல்லிக் கொடுப்பார்கள். என் அண்ணன் மகள் எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி.

பேட்டரி என்பது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை என்பதைச் சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. வாடகை ஜெனரேட்டரில் காசு கொடுத்து போன் சார்ஜ் போட்டோம். அந்த நாட்களில் நிவாரண மனு எழுதிக் கொடுக்க என்னிடம் இருந்தது ஒரு பழைய லேப்டாப்தான், ஜெனரேட்டரில் ஏற்றிய சார்ஜில் தினம் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். போன வருடம் நவம்பரில் இந்த மெஷின் தவழ்ந்த மாதிரி அதுவும் அன்று தவழ்ந்திருந்தால் எத்தனை மனு நின்றுபோயிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மின் நிறுத்த அறிவிப்புக்குக் கீழே, ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் மட்டுமாவது, இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்: முந்தின ராத்திரியே லேப்டாப்பை முழுதாக சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இடம் இல்லை என்றால் முதல் வரியை விட்டுவிடலாம், இரண்டாவது கண்டிப்பாக வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.